கொல்லைப்புறத்துப் பாம்பும் முதற் சீலமும்

சீலம் ஏற்ற இல்லறத்தார்க்கு உண்டாகும் ஐயங்களுள் சில நூலறிவால் தீர்வன. சில, வீட்டின் பின்கதவைத் திறந்து பார்த்தாலன்றித் தீராதன. சித்தூர் மாவட்டத்துப் பங்காருபாளையத்தில் வாழும் உபாசிகை ஒருவர் பாட வகுப்பில் எழுப்பிய ஐயம் இரண்டாம் வகையைச் சார்ந்தது. அவர் இல்லத்தின் பின்னே கொல்லை. கொல்லைக்கு அப்பால் மாந்தோப்பு. தோப்பைத் தாண்டினால் பலமநேர் மலைச்சரிவை நோக்கி ஏறிச் செல்லும் குத்துக்காடு. மழை தொடங்கியதும் காட்டிலிருந்து தோப்புக்கும், தோப்பிலிருந்து கொல்லைக்கும் பாம்புகள் வருகின்றன. வீட்டில் ஓடியாடும் இரு பிள்ளைகள் இருக்கின்றனர். "முன்பெல்லாம் புற்றில் பாம்பைக் கண்டால் பால் வார்ப்போம், வீட்டுக்குள் கண்டால் பக்கத்து வீட்டாரைக் கூப்பிட்டு அடிக்கச் சொல்வோம். இப்போது பாலும் வார்ப்பதில்லை, தடியும் எடுப்பதில்லை என்று உறுதி செய்திருக்கிறோம். அப்படியானால் செய்ய வேண்டியதுதான் என்ன? எனக்கென்றால் பொறுத்துக்கொள்வேன், பிள்ளைகளுக்கு ஒன்று நேர்ந்தால்?" என்று கேட்டார்.

வகுப்பிலிருந்த ஒருவர், "மைத்திரி உடையாரைப் பாம்பு தீண்டாது, அம்மா" என்று விடையிறுத்தார். அவ்விடை அன்பால் கூறப்பட்டதே எனினும், ஒரு தாயின் கேள்விக்கு அது போதாது. பகவன் புத்தர் தம் சங்கத்தார்க்குக் கூறிய விடையும் அதுவன்று. அதனை ஆராய்வதே இப்பாடத்தின் நோக்கம்.

முதற்கண் சீலத்தின் எல்லையை அறிதல் வேண்டும். உயிர்க்கொலை நிகழ்ந்தது என்று சொல்வதற்கு ஐந்து உறுப்புகள் நிறைந்திருத்தல் வேண்டும் என்பர் உரையாசிரியர்: அது உயிருள்ளதாய் இருத்தல், உயிருள்ளது என்று அறிதல், கொல்லும் எண்ணம், அவ்வெண்ணத்தால் செய்யும் முயற்சி, அம்முயற்சியால் அவ்வுயிர் இறத்தல். இருளில் அறியாமல் மிதித்து ஒரு பாம்பு இறந்துபோனால் எண்ணம் என்னும் உறுப்பு அங்கில்லை. ஆதலின் சீலம் முறிந்ததன்று. ஆனால் தான் திண்ணையில் நின்றுகொண்டு, "அதோ, அந்தக் கூடைக்கடியில்" என்று பக்கத்து வீட்டுப் பையனுக்குக் கைகாட்டினால், தடி அவன் கையிலிருந்தாலும் எண்ணமும் முயற்சியும் தம்முடையனவே. பிறரைக் கொண்டு கொல்வித்தலும் கொலையே என்பது தம்மத்தில் ஐயத்துக்கிடமின்றிச் சொல்லப்பட்டுள்ளது. நம்மவருள் பலர் வழுக்குமிடம் இதுவேயாம்.

சீலம் இவ்வளவு கூறுகின்றதேயன்றி, பாம்புக்கு வீட்டை ஒழித்துக் கொடுக்குமாறு எங்கும் கூறவில்லை. கதவடைத்தல், வழியை மாற்றுதல், தகுந்தவரைக் கொண்டு பிடித்து அப்புறப்படுத்துதல் ஆகிய யாவும் சீலத்துக்கு உட்பட்டனவே.

இனி, நூலில் உள்ளதைக் காண்போம். சாவத்தி நகரில் பகவன் தங்கியிருந்த காலத்தில் பிக்கு ஒருவர் பாம்பு தீண்டி இறந்தார். அச்செய்தி பகவனிடம் கூறப்பட்டபோது, நான்கு அரசநாகக் குலங்களிடத்தும் அப்பிக்கு மைத்திரி பரப்பவில்லை என்று கூறி, விரூபாக்கர், ஏராபதர், சப்யாபுத்திரர், கண்ககோதமகர் என்னும் அந்நான்கு குலத்தாரிடத்தும் நட்புள்ளம் கொள்ளுமாறு பிக்குகளுக்குக் கற்பித்தார். அந்நட்பு நாகங்களோடு நின்றுவிடவில்லை. காலில்லாதன, இருகாலுடையன, நாற்காலுடையன, பலகாலுடையன என எல்லா உயிர்க்கும் விரிந்தது. இதுவே கந்த பரித்தம் எனப்படும். இலங்கையிலும் பருமாவிலும் இன்றும் ஓதப்பட்டு வருகின்றது.

இச்சூத்திரத்தைப் படிப்போர் பெரும்பாலும் இவ்விடத்தில் நூலை மூடிவிடுகின்றனர். ஜாதகக் கதையின் முகவுரையில் அந்தப் பிக்குவைப் பாம்பு தீண்டிய இடம் எது என்பதும் கூறப்பட்டுள்ளது. அவர் வெந்நீர்ச்சாலையின் வாயிலில் விறகு பிளந்துகொண்டிருந்தார். உளுத்துப்போன கட்டையின் பொந்திலிருந்து வெளிப்பட்ட பாம்பு அவர் கால்விரலைத் தீண்டிற்று. நம் கொல்லைகளில் சுவரோரம் அடுக்கிக் கிடக்கும் உளுத்த விறகை நினைத்துக்கொள்க. இரண்டாயிரத்தைந்நூறு ஆண்டுகளாகியும் பாம்பு தன் இருப்பிடத்தை மாற்றிக்கொள்ளவில்லை!

விநயபிடகத்தை மேலும் புரட்டினால் இன்னும் தெளிவாகும். தாழ்ந்த கட்டிலில் உறங்கிய பிக்கு ஒருவரைப் பாம்பு தீண்டிற்று. அப்போது பகவன் செய்தது யாது? கட்டிற்கால்களுக்கு அடியில் தாங்கிகள் வைத்துக்கொள்ள அனுமதித்தார். சிலர் அதையே சாக்காக்கிக்கொண்டு மிக உயரமான தாங்கிகள் செய்தபோது, எட்டு விரற்கடைக்கு மேற்படலாகாது என்று அளவும் வகுத்தார். இருளில் உபோசத மண்டபத்துக்குச் சென்ற பிக்குகள் கட்டையிலும் முள்ளிலும் கால் வைத்து வருந்தியபோது, ஆராமத்துக்குள் பாதரட்சையும், பந்தமும், விளக்கும், கைத்தடியும் கொள்ளலாம் என்றார். பாம்பு தீண்டிய பிக்குவுக்குச் சாணம், சிறுநீர், சாம்பல், மண் என்னும் நான்கையும் மருந்தாக அனுமதித்தார். கொடுப்பார் அருகில் இல்லாவிடில் பிறர் கையால் பெறாமல் தாமே எடுத்துக்கொள்ளவும் இடம் தந்தார். அம்மருந்து அக்காலத்து மருந்து. இன்று கடிவாயில் சாணம் அப்பினால் புண் சீழ்கொள்ளும். நாம் கொள்ள வேண்டியது மருந்தின் பெயரையன்று. ஆபத்து வந்தபோது விதியையும் தளர்த்தி, கிடைத்தவற்றுள் சிறந்த மருந்தைத் தாமதமின்றிக் கொடுக்கச் சொன்ன அந்தக் கருத்தையே.

ஆகவே பாம்பைப் பற்றிய தம்மத்தில் மைத்திரியும் இருக்கின்றது, கட்டிற்காலும் இருக்கின்றது. ஒன்றை எடுத்துக்கொண்டு மற்றொன்றை விட்டோமாயின், மைத்திரி வெறும் மந்திரமாகிவிடும். மந்திரவாதியின் வாசலை விட்டு வந்தவர்கள் பரித்தத்தையே மந்திரமாக்கிக்கொள்வது எவ்வளவு எளிது என்பதை நாம் கண்டிருக்கின்றோம்.

மைத்திரியுடையாரைப் பாம்பு தீண்டாது என்பார்க்கு உபசேன தேரர் வரலாறே விடையாகும். சாரிபுத்தரின் இளவலாகிய அவர் அரகந்தர். இராசகிருகத்துக் குளிர்ந்த வனத்தில், பாம்பின் படம் போல் கவிந்திருந்த குகையொன்றில் அவர்மேல் நச்சுப்பாம்பு விழுந்து தீண்ட, அவர் உயிர் நீத்தார். அவரினும் மைத்திரி நிறைந்த உள்ளம் நம்முள் யார்க்குண்டு? மைத்திரியால் விளைவது வேறு. இறுதி வரையில் அவருடைய முகமும் புலன்களும் மாறவில்லை என்று சாரிபுத்தரே வியந்ததாக அச்சூத்திரம் கூறுகின்றது. நம்மனோர்க்கு மைத்திரி தருவது நடுக்கமில்லாத கை. பாம்பைக் கண்டவுடன் கூச்சலிட்டு ஓடாமலும், தடியைத் தேடாமலும், பிள்ளையைத் தூக்கிக்கொண்டு இரண்டடி பின்வாங்கி நிற்கும் நிதானம் அதனால் வரும். அந்த இரண்டடியே உயிர் காக்கும்.

இனிப் பங்காருபாளையத்துக்கு வருவோம். சித்தூரிலிருந்து பலமநேர் வழியாகப் பெங்களூர் செல்லும் பழைய நெடுஞ்சாலையில், மலையேற்றத்துக்கு முன் அமைந்த ஊர் அது. 1911-இல் சித்தூர் மாவட்டம் அமைவதற்கு முன் வட ஆர்க்காட்டைச் சேர்ந்திருந்த பகுதி. தமிழும் தெலுங்கும் ஒரே திண்ணையில் பேசப்படும். மாந்தோப்பும் கரும்பும் வெல்லம் காய்ச்சும் கொட்டகைகளும் நிறைந்தது. மலைமேல் 1990-இல் அமைக்கப்பட்ட கௌண்டின்ய வனவிலங்குச் சரணாலயத்தின் காடுகள் இருக்கின்றன. அங்கிருந்து யானைகள் இறங்கித் தோட்டங்களை மிதிப்பது அவ்வூரார்க்குப் பழக்கமாகிவிட்டது. யானைக்காக வனத்துறையினரின் தொலைபேசி எண்ணைச் சுவரில் எழுதிவைத்திருக்கும் வீட்டார், பாம்புக்கும் அதே எண் உதவும் என்பதை ஏனோ நினைப்பதில்லை.

கரும்பிருந்தால் எலியுண்டு, எலியிருந்தால் பாம்புண்டு. நம் நாட்டில் 300-க்கு மேற்பட்ட பாம்பினங்கள் உள்ளன. அவற்றுள் மனிதர் உயிரை மிகுதியாகக் கொள்வன நான்கே. அந்நான்கும் இவ்வட்டாரத்தில் உண்டு. படம் எடுக்கும் நல்லபாம்பைத் தெலுங்கர் நாகுபாமு என்பர். அதை அறியாதார் இலர். கண்ணாடி விரியனை ரக்தபிஞ்சரி என்பர். பருத்த உடலும், முதுகில் சங்கிலி கோத்தாற்போன்ற வட்டங்களும் உடையது. நெருங்கினால் துருத்தி ஊதுவதுபோல் உரக்கச் சீறும். கரும்புச் சோகையிலும் காய்ந்த மாவிலைக் குவியலிலும் கிடந்தால் கண்ணுக்குப் புலப்படாது. சுருட்டை விரியன் ஒரு முழ அளவினது, கல்லிடுக்கில் வாழ்வது, சுருண்டு உடலோடு உடலை உராய்ந்து அரம் அராவும் ஓசை எழுப்பும்.

நான்காவது கட்டுவிரியன், தெலுங்கில் கட்லபாமு. கருமையாக மினுமினுத்து, மெல்லிய வெள்ளைக் கட்டுகள் உடையது. பகலில் சாதுவாய்ச் சுருண்டு கிடக்கும், இரவில் நடமாடும். வீட்டுக்குள் நுழைந்து, தரையில் பாய்விரித்து உறங்குவோரைத் தீண்டுவது பெரும்பாலும் இதுவே. அதன் பல் சிறியது. வலியும் வீக்கமும் பலருக்குத் தோன்றுவதில்லை. எறும்பு கடித்தது என்று புரண்டு படுத்தவர் விடியலில் வயிற்றுவலியோடு எழுவார், கண்ணிமை தொங்கும், எச்சில் விழுங்க இயலாது, பிறகு மூச்சு தளரும். தாழ்ந்த கட்டிலில் உறங்கிய அப்பிக்குவின் செய்தியை இங்கு மறுபடியும் நினைத்துக்கொள்க.

எஞ்சிய பாம்புகளுள் நாம் அடிக்கடி காண்பன தீங்கற்றவை. ஜெர்ரிபோத்து எனப்படும் சாரை எலிகளைத் தின்று உழவனுக்குக் கூலியின்றி வேலை செய்வது. சாரையே நாகத்தின் ஆண் என்றும், இரண்டும் பிணையும் என்றும் ஊரார் சொல்வதில் உண்மையில்லை. நிமிர்ந்து முறுக்கிக்கொண்டு நிற்பன பெரும்பாலும் வலிமை காட்டி மல்லிடும் இரண்டு ஆண் சாரைகளே. மண்ணுளிப் பாம்பை இருதலை என்பதும், பச்சைப்பாம்பு கண்ணைக் கொத்தும் என்பதும், அடிபட்ட பாம்பு பன்னிரண்டு ஆண்டு வைரம் வைத்துப் பழிவாங்கும் என்பதும் அத்தகையனவே. இக்கதைகளால் இறக்கும் பாம்புகள் மிகப் பல.

கொல்லையைச் செம்மை செய்வதே இல்லறத்தார் செய்யத்தக்க முதற்காரியம். பாம்பு நம் கொல்லைக்கு வருவது நம்மைத் தேடியன்று. எலியையும் தவளையையும் தேடியும், ஒதுங்க இடம் தேடியுமே. இவை இல்லாத கொல்லையில் அது தங்காது. விறகைச் சுவரோரம் அடுக்காமல், வீட்டை விட்டு விலக்கி, கற்கள்மேல் பலகையிட்டுத் தரையினின்றும் ஒரு முழ உயரத்தில் அடுக்குக. எடுக்கும்போது வெறுங்கையை உள்ளே நுழைக்காமல் கோலால் தட்டியபின் எடுக்க வேண்டும். உடைந்த ஓடு, செங்கல், தென்னை மட்டை, கரும்புச் சோகை ஆகியவற்றைக் குவித்து வைத்தல் ஆகாது. வீட்டைச் சுற்றிப் பத்தடியளவு புல்லை ஒட்ட வெட்டிவிட்டால், வரும் பாம்பு கண்ணுக்குத் தெரியும். மறைவற்ற வெளியைக் கடக்க அதுவும் விரும்பாது. கூரையைத் தொடும் மாங்கிளையையும் கொடியையும் கழித்துவிடல் நன்று. கதவின் அடி இடைவெளியை மரச்சட்டத்தாலோ தடித்த துணியாலோ அடைக்கவும். சாக்கடைக் குழாயின் வாயில் கம்பிவலை கட்டவும். கோழிக்கூண்டு வீட்டோடு ஒட்டியிருத்தல் கூடாது; முட்டையும் குஞ்சும் பாம்பை அழைக்கும், சிந்திய தீனி எலியை அழைக்கும்.

எலியைப் பற்றி ஒரு சொல். பாம்பைக் கொல்லாதிருக்க எலிக்கு நஞ்சு வைப்போம் என்று ஓர் அன்பர் யோசனை கூறினார். சீலம் எலிக்கும் பாம்புக்கும் ஒன்றே. நஞ்சுண்ட எலியைத் தின்னும் பூனையும் ஆந்தையும் சாகும். தானியத்தைத் தகர டப்பாவிலும் மூடியுள்ள குதிரிலும் வைத்து, இரவில் எச்சிற் பாத்திரங்களைக் கழுவிவைத்து, குப்பையை மூடிவைத்தால் எலி தானே வேறிடம் பார்க்கும். கொல்லாமை என்பது இவ்வாறு பாத்திரம் கழுவுவதில் தொடங்குகின்றது என்பதைச் சொன்னால் சிலர் நகைக்கின்றனர்! பெண்மக்கள் நகைப்பதில்லை, அவ்வேலையைச் செய்கின்றவர் அவர்களாதலின்.

பூண்டு நசுக்கித் தெளித்தல், பினாயில் ஊற்றுதல், சிறியாநங்கை நடுதல் முதலியன பாம்பைத் தடுக்கும் என்பதற்குச் சான்றில்லை. அச்செலவில் ஒரு கைவிளக்கும் கொசுவலையும் வாங்கலாம். இரவில் கொல்லைக் கழிப்பிடத்துக்குச் செல்லும் பிள்ளைக்குப் பாதரட்சையும் விளக்கும் இல்லாமல் கதவு திறக்கலாகாது. கட்டில் இல்லாத வீட்டில், கொசுவலையின் ஓரத்தைப் பாயின் அடியில் நன்கு செருகி உறங்கினால், கட்டுவிரியன் உள்ளே நுழைய வழியில்லை. கொசுவுக்காக வாங்கிய வலை பாம்புக்கும் வேலி!

இவ்வளவும் செய்தபின்னும் ஒரு நாள் பாம்பு வரலாம். கொல்லையிலாயின், பிள்ளைகளையும் நாயையும் உள்ளே சேர்த்துவிட்டு, எட்ட நின்று அது செல்லும் வழியைப் பார்த்திருத்தல் போதும். பெரும்பாலும் அது தானே போய்விடும். வீட்டுக்குள்ளாயின், அந்த அறையிலிருந்து எல்லாரும் வெளியேறி, உட்கதவைச் சாத்தி அடியில் துணி செருகி, புறக்கதவைத் திறந்துவிடுக. ஒருவர் தொலைவிலிருந்து கண்வைத்திருக்க, மற்றொருவர் வனத்துறைக்கோ பயிற்சியுள்ள பாம்பு பிடிப்பாருக்கோ சொல்லியனுப்ப வேண்டும். பழக்கமில்லாதவர் வாளியும் கோலும் கொண்டு வீரம் காட்டுதல் ஆகாது. பிடித்த பாம்பை எங்கோ தொலைதூரத்து மலையில் விட்டால், பழகாத இடத்தில் இரையும் ஒதுங்கிடமும் அறியாமல் அது பெரும்பாலும் பிழைப்பதில்லை. அருகிலுள்ள குத்துக்காட்டில் விடுதலே தக்கது.

பக்கத்து வீட்டார் தடியோடு ஓடிவருவர். அவரை ஏசுவதால் பயனில்லை. அவர் நம்மேல் கொண்ட அன்பினாலேயே வருகின்றார். "அண்ணா, கிட்டே போகாதீர்கள், ஆளுக்குச் சொல்லியிருக்கிறோம்" என்று அவர் உயிரின்மேல் அக்கறை காட்டிச் சொன்னால் நின்றுவிடுவார். தடி எட்டும் தூரம் பாம்புக்கும் எட்டும் தூரமே. பாம்பை அடிப்பது 1972-ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி குற்றம் என்பதையும் வேண்டுமானால் சொல்லலாம்; ஆனால் அண்டை வீட்டாரிடம் சட்டம் பேசுவது கடைசியாக இருக்கட்டும்.

அவ்வுபாசிகை இன்னொன்றும் கேட்டார்: தொட்டிலுக்கருகே பாம்பு, உதவிக்கு ஆளில்லை, அச்சத்தில் அடித்துக் கொன்றுவிட்டால் சீலம் என்னாவது? சுற்றி வளையாமல் சொல்வோம். குழந்தையைத் தூக்கிக்கொண்டு வெளியேற வழியிருந்தால் அதுவே முதலிற் செய்யத்தக்கது. பாம்பு துரத்திக்கொண்டு வருவதில்லை. அவ்வழியும் இல்லாமல் கை ஓங்கிவிட்டால், சீலம் முறிந்ததே. முறியவில்லை என்று சொல்லிச் சமாதானம் செய்துகொள்வது பொய்யாகும். ஆனால் சீலம் என்பது பயிற்சி நெறி. முறிந்ததை ஒப்புக்கொண்டு மீண்டும் ஏற்றுக்கொள்வதற்குத் தம்மத்தில் வழியுண்டு. குழந்தைக்காக நடுங்கிய கையையும், வேடிக்கைக்காகப் புற்றில் கல்லெறிந்த கையையும் ஒரே தட்டில் வைத்து நிறுப்பார் யாருமிலர். அத்தாயைச் சங்கத்தார் எவரும் குத்திக்காட்டுதல் கூடாது.

தீண்டிவிட்டால் செய்ய வேண்டியதை ஒவ்வொருவரும் மனனம் செய்தல் வேண்டும். நம் நாட்டில் 2000 முதல் 2019 வரையிலான இருபது ஆண்டுகளில் ஏறத்தாழ 12 லட்சம் பேர் பாம்புக் கடியால் இறந்தனர் என்று 2020-இல் வெளியான ஆய்வு கணக்கிட்டது. ஆண்டுக்குச் சராசரி 58,000 பேர். அவர்களுள் கால்வாசிக்கு மேற்பட்டோர் பதினைந்து வயதுக்குட்பட்ட பிள்ளைகள். இறப்புகளில் பாதி, சூன் முதல் செப்டம்பர் வரையுள்ள மழை மாதங்களில் நிகழ்ந்தவை. உலக சுகாதார நிறுவனம் 2017-இல் இதனைப் புறக்கணிக்கப்பட்ட நோய்களின் வரிசையில் சேர்த்தது. நம் மத்திய அரசும் 2024-இல் இதற்கெனத் தேசியச் செயல்திட்டம் வெளியிட்டது. மருந்தில்லாமையால் மட்டும் இவர்கள் இறக்கவில்லை. மருந்திருக்கும் இடத்துக்கு வந்து சேராமையாலும், வழியில் மந்திரிப்பார் வீட்டில் கழித்த நேரத்தாலும் இறந்தவர் பலர்.

தீண்டப்பட்டவரை நடக்கவோ ஓடவோ விடாமல் படுக்கவைத்து, அச்சம் நீங்கப் பேசுக. அச்சத்தால் நெஞ்சு படபடத்தால் நஞ்சு விரைந்து பரவும். மோதிரம், வளையல், கொலுசு, மெட்டி ஆகியவற்றை வீக்கம் காணுமுன் கழற்றிவிடுக. எலும்பு முறிந்த காலுக்குக் கட்டுவதுபோல் மட்டையோ கோலோ வைத்துத் தளர்வாகக் கட்டி, அவ்வுறுப்பு அசையாதபடி செய்க. கயிறிட்டு இறுக்குதல் ஆகாது, உறுப்பு அழுகிப்போகும். கத்தியால் கீறுதலும், வாயால் உறிஞ்சுதலும், பச்சிலை அரைத்துப் பூசுதலும், பாம்பைத் தேடிப் பிடித்துக் கொண்டுவருதலும் வேண்டா. தீண்டிய நேரத்தைக் குறித்துக்கொண்டு உடனே 108-ஐ அழைத்தோ கிடைத்த வண்டியிலோ புறப்படுக. இருசக்கர வண்டிதான் கிடைத்ததெனில் தீண்டப்பட்டவரை இருவருக்கு நடுவில் அமர்த்திக்கொள்க. பங்காருபாளையத்தார்க்குச் சித்தூர் அரசுத் தலைமை மருத்துவமனை இருபது கிலோமீட்டருக்குச் சற்று மேற்பட்ட தொலைவு. அதற்கு மேலும் மருத்துவம் வேண்டின் திருப்பதி ரூயா மருத்துவமனையும் வேலூர் கிறித்துவ மருத்துவக் கல்லூரியும் உள்ளன.

அங்கே சென்றபின் மருத்துவர் சிறிது குருதியைக் கண்ணாடிக் குழாயில் எடுத்து இருபது நிமிடம் அசையாது வைத்துப் பார்ப்பார். உறையாவிடில் விரியன் நஞ்சு குருதியைக் கெடுத்துள்ளது என்று அறிவார். குழந்தைக்கும் பெரியவருக்கும் நச்சுமுறி மருந்தின் அளவு ஒன்றே. பாம்பு ஆளைப் பார்த்து நஞ்சை அளந்து விடுவதில்லையன்றோ! "சிறு பிள்ளைக்கு இத்தனை குப்பிகளா" என்று பெற்றோர் தடுத்தல் கூடாது. அறிகுறி ஒன்றும் தோன்றாவிடினும் ஒரு நாள் முழுதும் மருத்துவமனையிலேயே இருத்தல் வேண்டும்.

இம்மருந்தின் பிறப்பை அறிந்தால் முதற் சீலத்தோடு அதற்குள்ள உறவு விளங்கும். 1890-களில் கால்மெத் என்னும் பிரெஞ்சு மருத்துவர் கண்ட முறை அது. பாம்பின் நஞ்சைச் சிறுகச் சிறுகக் குதிரைக்கு ஏற்றி, குதிரையின் குருதியில் தோன்றும் எதிர்ப்பொருளைப் பிரித்தெடுக்கின்றனர். அந்நஞ்சு எங்கிருந்து வருகின்றது? மாமல்லபுரத்தை அடுத்த வடநெம்மேலியில், 1978-இல் தோன்றிய இருளர் பாம்பு பிடிப்போர் கூட்டுறவுச் சங்கத்திலிருந்து பெருமளவில் வருகின்றது. அதற்கு முன் தோலுக்காகப் பாம்பைக் கொன்று விற்ற மக்கள் அவர்கள். தோல் வாணிபம் சட்டத்தால் தடுக்கப்பட்டு அவர்கள் பிழைப்பிழந்து நின்றபோது, ரோமுலஸ் விட்டேக்கர் என்பவர் துணையோடு இத்தொழில் அமைந்தது. நல்லபாம்பு, கட்டுவிரியன், கண்ணாடி விரியன், சுருட்டை விரியன் ஆகிய நான்கையும் உயிரோடு பிடித்து, சில வாரங்கள் பானைகளில் வைத்து, நஞ்சு எடுத்தபின் மீண்டும் காட்டில் விட்டுவிடுகின்றனர். அவ்வினத்தவரான வடிவேல் கோபால், மாசி சடையன் ஆகிய இருவர்க்கு 2023-இல் பத்மசிறீ விருது வழங்கப்பட்டது. கொன்று பெற்ற பொருள் ஒரு பெண்ணின் கைப்பையாயிற்று. கொல்லாது பெற்ற பொருள் ஒரு பிள்ளையின் உயிராகின்றது. குதிரை படும் ஊசிவலியை மறந்துவிட்டு இதைச் சொல்லவில்லை. மைத்திரி பரப்பும்போது அக்குதிரைகளையும் நினைத்துக்கொள்வது நம் கடன்.

கடைசியாக, புற்றைப் பற்றி. அவ்வுபாசிகையின் மாமியார் இன்னும் சீலம் ஏற்கவில்லை. நாகசதுர்த்தியன்று கொல்லைப் புற்றுக்குப் பால் வார்த்தே தீருவேன் என்கின்றாராம். பாம்பின் உணவு பாலன்று. எலியும் தவளையும் பல்லியுமே. புற்றில் ஊற்றிய பால் கறையான்களை நனைத்து, எறும்பை அழைக்கும். ஆயினும் முதியவரோடு சண்டையிடுதல் வேண்டா. நாகங்களைப் போற்றுதல் தென்னாட்டுப் பௌத்தர்க்குப் புதிதன்று. அமராவதித் தூபத்தின் பளிங்குப் பலகைகளில் நாகங்கள் தூபத்தைச் சுற்றிக் காவல் நிற்கின்றன. மழையில் பகவனுக்குக் குடையாய் நின்ற முசலிந்தனை அறியாதார் யார்? "அத்தை, அந்தப் பாலைப் பிள்ளைகளுக்குக் கொடுத்துவிட்டு, புற்றுக்கு எட்ட நின்று கும்பிடுங்கள்" என்று மருமகள் கேட்டுக்கொண்டால் அவர் பெரும்பாலும் இணங்குவார். கையில் செம்போடு புற்றின் வாயில் குனிவதைவிட எட்ட நின்று கும்பிடுவது அவருக்கும் நலம். புற்றை இடித்தலும் வேண்டா; அதைக் கட்டியது பாம்பன்று, கறையான்; இடித்தால் எண்ணற்ற உயிர்கள் மாயும், உள்ளே ஒதுங்கியிருக்கும் பாம்போ வீட்டுப் பக்கம் வரும். புற்றைச் சுற்றி ஆறடிக்குப் புல்லை வெட்டி வெளியாக்கி, நான்கு மூலையிலும் சுண்ணாம்பு பூசிய கல் நட்டு, "இந்த வெள்ளைக் கல்லுக்கு அப்பால் அவர்கள் வீடு, இப்பால் நம் வீடு" என்று பிள்ளைகளுக்குக் காட்டிவைத்தல் போதும்.